சின்னக் கதை படமானால் நிற்கிறது, தடி நாவல் படமானால் ஏன் மூச்சு வாங்குகிறது?

பின்வரிசை பாலா

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம், போட்டுவிடுகிறேன், அடிக்க வருபவர்கள் வரலாம். நம் ஊரில் புத்தகத்திலிருந்து எடுத்த படங்களில், சின்னக் கதையை எடுத்து இயக்குநர் தன் பங்குக்கு வளர்த்தவை நன்றாக நிற்கின்றன. பெரிய நாவலை வெட்டிச் சுருக்கியவைதான் திணறுகின்றன. விசாரணை, அசுரன், விடுதலை முதல் பாகம், 2025இல் வந்த 3 பிஹெச்கே எல்லாம் ஒரு பக்கம். பொன்னியின் செல்வன் இரண்டு பாகமும் இன்னொரு பக்கம்.

படம் பிடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, முதல் பாகத்துக்குக் கைதட்டியவன்தான் நானும். ஆனால் படம் முழுக்கப் பக்கத்து சீட்டில் இருந்த நண்பனுக்கு "இவர் அவருக்குச் சித்தப்பா, அந்தம்மா இவருக்குப் பெரிய பாட்டி" என்று உறவுமுறை சொல்லிக்கொண்டிருந்ததுதான் இப்போது ஞாபகம் இருக்கிறது. அசுரனில் அந்த வேலையே இல்லை. அப்பனும் பையனும் ஓடுகிறார்கள், துரத்துகிறார்கள், அவ்வளவுதான், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

உங்கள் கணக்கு என்ன?

டிக்கெட் கிழிப்பவன்

அண்ணே, பொன்னியின் செல்வனுக்கு உறவுமுறை சொன்ன ஆள் நீங்கள்தானா. எனக்கு முன்வரிசையில் ஒருத்தர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார், படத்தைவிட அவர் குரல்தான் தெளிவாகக் கேட்டது.

நங்கநல்லூர் மீனா

பாலா, பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி இல்லை. வெட்டியது தப்பில்லை. கல்கி 1950இல் ஆரம்பித்து 1954 வரை வாராவாரம் எழுதியது, ஐந்து பாகம். இரண்டு படத்தில் அடங்கவே அடங்காது. எதை வெட்டினார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

மணிமேகலை எங்கே? ஆளையே காணோம். கதையின் கடைசியில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிற பெண், அவளுக்காக அழுதவர்கள் எங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறை. சேந்தன் அமுதனைத் தலைகாட்ட வைத்துவிட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். நாவலில் அரியணை யாருக்குப் போகிறது என்ற திருப்பமே அவனை வைத்துத்தான். அதை எடுத்துவிட்டு ரகுமான் நடித்த மதுராந்தகனையே உட்கார வைத்ததும் நாவலின் கடைசிப் பாகம் கழன்று விழுந்துவிட்டது. தியாகச் சிகரம் என்று பெயர் வைத்த பாகம் அது!

எங்கள் அத்தையிடம் கல்கி இதழ்களிலிருந்து பிரித்து பைண்டு செய்த தொகுதி இருக்கிறது. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கும், நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரமும் சேர்த்தே தைத்திருப்பார்கள். அதில் குந்தவையைப் பார்த்து வளர்ந்தவர்கள் த்ரிஷாவை ஏற்றுக்கொண்டதே பெரிய விஷயம். (த்ரிஷா நன்றாகவே செய்தார். இதில் சண்டை வேண்டாம்.)

ரஃபீக் ராயபுரம்

நான் எந்தப் புத்தகமும் படிக்காதவன், அதனால் என் ஓட்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். பொன்னியின் செல்வன் எனக்குப் புரிந்தது. யார் சித்தப்பா யார் பெரியப்பா என்பதெல்லாம் தெரியாது, தெரியாமலே பார்த்தேன். கார்த்தி வந்தால் சிரித்தேன், விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் கடைசியில் சந்திக்கிற காட்சியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அது போதாதா? படித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. அவர்கள் பாதிப் படத்தைத் திரையில் பார்க்கிறார்கள், மீதியை மண்டைக்குள்.

அசுரன் எனக்கு அதைவிடப் பிடித்தது, உண்மை. ஆனால் அதற்குக் காரணம் புத்தகம் சின்னது என்பதா, தனுஷா?

கதிர் வேளச்சேரி

ரஃபீக் பாய் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், அசுரனுக்கு மூலமான பூமணியின் வெக்கை எங்கள் மண்ணின் கதை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெக்கை 1982இல் வந்த நாவல். அதில் முதல் பக்கத்திலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. பையன் சிதம்பரம், தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு வரலாம் என்று போகிறான், வடக்கூரான் செத்தே போகிறான். அப்புறம் சில நாட்கள் அப்பாவும் மகனும் காடு, கரடு, மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுத்தார்கள், என்ன தின்றார்கள், தண்ணீருக்கு எங்கே இறங்கினார்கள், இதுதான் நாவலில் பெரும்பகுதி. அண்ணன் செத்த துக்கம் பேச்சுவாக்கில் வரும். யாரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதில்லை.

படத்தில் இடைவேளைக்குப் பிறகு வருகிற, தனுஷ் நடித்த அப்பா சிவசாமியின் இளமைக் கதை, செருப்பு போட்டதற்காக ஒரு பெண்ணை அவமானப்படுத்துகிற காட்சி, இதெல்லாம் வெக்கையில் கிடையாது. இயக்குநர் வெற்றிமாறன் சேர்த்தது. அந்தச் செருப்புக் காட்சியில்தான் தியேட்டரே கொதித்தது. ஆக பாலா சொல்வது ஒரு வகையில் சரிதான், நாவல் சின்னது, உள்ளே இடம் இருந்தது, இயக்குநர் புகுந்து வீடு கட்டினார். ஆனால் கட்டியது நாவலின் வீடு இல்லை. வெக்கையில் அப்பா ஒரு காலத்து வீரர் என்றெல்லாம் நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை, சாதாரண மனுஷன். படத்தில் அவர் கம்பை எடுத்ததும் விசில் பறக்கிறது. விசில் பறக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது, நானும்தான் அடித்தேன். ஆனால் புத்தகத்தின் பயம் படத்தில் இல்லை. பதினைந்து வயதுப் பையன் ராத்திரி இருட்டில் உட்கார்ந்து, தான் செய்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற பயம்.

பின்வரிசை பாலா

கதிர் அண்ணா, என் கட்சிக்காகத்தானே வாதாடியிருக்கிறீர்கள்? இடம் இருந்தது, கட்டினார்.

கதிர் வேளச்சேரி

இல்லை தம்பி. எல்லாச் சின்னக் கதைக்கும் அந்த இடம் இருக்காது. ஜெயமோகனின் துணைவன் சிறுகதைதான், அதுதான் விடுதலை என்று இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் 2023 மார்ச், இரண்டாம் பாகம் 2024 டிசம்பர். முதல் பாகத்தில் சூரி பிரமாதம். அந்த ரயில் கவிழ்ந்த காட்சி, ஒரே ஓட்டத்தில் கேமரா பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வருமே, அதை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டாம் பாகத்தில்? பாதிப் படம் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்கள். கொள்கை எனக்குப் பிடித்த கொள்கைதான், அதற்காகக் காட்சி வேண்டாமா? சின்னக் கதையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

டிக்கெட் கிழிப்பவன்

இரண்டாம் பாகத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். டப்பிங்கில் வசனத்தைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. என் பக்கத்து சீட்டு அம்மா, டிவியில் ஓடும் மொழிமாற்று சீரியல் என்றே நினைத்துவிட்டார்.

நங்கநல்லூர் மீனா

அய்யோ, அதைச் சொல்லாதீர்கள். விஜய் சேதுபதி நடிப்பைப் பார்ப்பதா, உதட்டைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது எனக்கு.

சுசீலா மயிலாப்பூர்

பிள்ளைகளே, நீங்கள் பேசுவதை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய நாவல் படமாகத் தேறாது என்று பாலா சொல்வதை ஏற்க மாட்டேன். தில்லானா மோகனாம்பாள் என்ன சின்னக் கதையா? கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், கோபுலு படம் போட்டார், வாராவாரம் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று அடிதடி நடக்கும். அது 1968இல் படமாக வந்தபோது நாங்கள் யாரும் "அந்த அத்தியாயம் எங்கே, இந்தப் பாத்திரம் எங்கே" என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. ஏன் தெரியுமா? ஏ.பி. நாகராஜன் முழுத் தொடரையும் படமாக்கப் பார்க்கவில்லை. நாதஸ்வரக்காரருக்கும் நாட்டியக்காரிக்கும் நடுவே உள்ள ரோஷம், அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டார். வைத்தியும் ஜில் ஜில் ரமாமணியும் அதைச் சுற்றி வந்தார்கள். நாகேஷும் மனோரமாவும் இல்லாமல் அந்தக் கதையை இன்று யாராலாவது நினைத்துப் பார்க்க முடிகிறதா?

பொன்னியின் செல்வனில் மணிரத்னம் எல்லோரையும் கூட்டி வந்து எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு காட்சி கொடுத்தார். கல்யாண வீட்டில் வந்தவர்களை எல்லாம் மேடையேற்றி ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிற மாதிரி. யாரோடும் நின்று பேச முடியவில்லை.

பின்வரிசை பாலா

சுசீலாம்மா, இது நல்ல அடி. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. தொடர்கதை என்பதே ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிற்கிற விஷயம். படத்துக்கு இருப்பது ஒரே ஒரு இடைவேளை. கல்கியின் அத்தியாயம் ஒவ்வொன்றும் "அடுத்து என்ன" என்று முடியும். அத்தனை முடிச்சையும் படத்தில் போட்டால் எந்த முடிச்சும் முடிச்சாகத் தெரியாது. வெப் சீரிஸாக எடுத்திருந்தால் சரியாக இருந்திருக்குமோ என்னவோ.

நங்கநல்லூர் மீனா

சீரிஸாக எடுத்திருந்தால் முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்குதான். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் குதிரையில் வருவான், ஏரியிலிருந்து தண்ணீர் பாய்கிற எழுபத்து நான்கு கணவாயையும் எண்ணிக்கொண்டு. கரை முழுக்கச் சனம், சித்திரான்னம், ஓடப்பாட்டு. நாவலைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்காததற்குக் காரணமே அந்த ஆரம்பம்தான். படம் ராஷ்டிரகூடர்களோடு போரில் ஆரம்பிக்கிறது. போர் எந்தப் படத்திலும் இருக்கும். அந்த ஏரி எங்கே இருக்கும்?

சென்னைக்காரர்களுக்கு ஒரு துணுக்கு, அந்த ஏரிதான் இன்றைய வீராணம். 2004லிருந்து நம் குழாயில் வருகிற தண்ணீரில் கொஞ்சம் அங்கிருந்துதான் வருகிறது. தண்ணீர் வராத நாளில் சோழனைத் திட்டலாம்.

ரஃபீக் ராயபுரம்

எங்கள் தெருவில் சோழனைத் திட்ட ஆரம்பித்தால் வேறு வேலைக்கு நேரம் இருக்காது அக்கா.

அது இருக்கட்டும், இந்த 3 பிஹெச்கே பற்றி யாருமே பேசவில்லையே? பாலா முதல் பதிவில் பெயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பின்வரிசை பாலா

சொல்கிறேன். அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதை, 3 பிஹெச்கே வீடு. ஸ்ரீ கணேஷ் இயக்கினார், சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மா, சித்தார்த் மகன். கதை என்று பார்த்தால் ஒரு வரி: வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம் சொந்த வீடு வாங்க நினைக்கிறது. அவர்கள் சேர்ப்பது கொஞ்சம் ஏறினால் வீட்டு விலை அதைத் தாண்டி ஏறிவிடும். மாசக் கணக்கை எல்லோரும் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிற காட்சிகள் இருக்கும் பாருங்கள், சண்டைக் காட்சியைவிட அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் வீட்டில் ஒரு பில்டர் (பெயர் வேண்டாம்) அட்வான்ஸ் வாங்கிவிட்டு அப்ரூவல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) என்று இழுத்தடித்த கதை இன்னும் முடியவில்லை. படம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், படம் முடிந்துதான் வந்தார்.

இதுதான் நான் சொல்வது. சிறுகதை ஒரு நிலைமையைக் கொடுக்கிறது, மீதியை இயக்குநர் ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறார். வளசரவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிற எவனுக்கும் அந்தப் படத்துக்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

கதிர் வேளச்சேரி

3 பிஹெச்கே கடைசியில் கொஞ்சம் இனிப்பைக் கொட்டிவிட்டார்கள் என்பது என் கருத்து. மற்றபடி சரி.

விசாரணையை விட்டுவிட்டோமே. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தான் அனுபவித்ததையே லாக்கப் என்று எழுதினார். குண்டூரில் போலீஸ் பிடித்துக் கொண்டுபோய் அடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன கதை. படத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதி சென்னைக்கு வருகிறது, கிஷோர் நடித்த ஆடிட்டர், சமுத்திரக்கனியின் இன்ஸ்பெக்டர், அது புத்தகத்தில் இல்லாத பகுதி. அங்கே மட்டும் பாலா சொல்வது அப்படியே பொருந்தும், ஏனென்றால் சேர்த்த பகுதி புத்தகத்தின் கேள்வியையே வேறு இடத்தில் கேட்கிறது. குண்டூரில் அடிபட்டவன் சென்னையில் பிழைப்பானா? அசுரனில் சேர்த்தது ஹீரோவுக்காக, விசாரணையில் சேர்த்தது கதைக்காக. எனக்கு விசாரணைதான் மேலே.

டிக்கெட் கிழிப்பவன்

கதிர் அண்ணே, தனுஷ் ரசிகர்கள் உங்கள் வீட்டு முகவரி கேட்கிறார்கள். வேளச்சேரி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

சுசீலா மயிலாப்பூர்

கதையை எடுத்துக்கொண்டு தன் படம் எடுப்பதற்கு எனக்கு மகேந்திரன்தான் அளவுகோல். உதிரிப்பூக்கள், 1979. புதுமைப்பித்தனின் சிற்றன்னையை ஒட்டியது என்பார்கள். கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், படத்துக்குள் அதில் கொஞ்சம்தான் போயிருக்கிறது. அந்தச் சுந்தரவடிவேலுவைக் கடைசியில் ஊரே ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறதே, அது முழுக்க மகேந்திரன். இருந்தும் புதுமைப்பித்தனுக்குப் பெயர் கொடுத்தார். இப்போது சில படங்களைப் பார்த்துவிட்டு வந்தால் "இது அந்தச் சிறுகதைதானே" என்று வேறு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

ரஃபீக் ராயபுரம்

அம்மா, சிறுகதை இருக்கட்டும், இங்கிலீஷ் படத்தை எடுத்தாலும் அப்படித்தான். விடாமுயற்சிக்கு நான் முதல் நாளே போனேன், அஜித் அண்ணனுக்காக. அஜர்பைஜான் ரோட்டில் மனைவி காணாமல் போகிறார், கணவன் தேடுகிறான், பாதியிலேயே "இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று மண்டை குடைந்தது. 1997இல் வந்த பிரேக்டவுன். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் படம் விர்ரென்று போய்விடும். நம்ம படத்தில் கணவன் மனைவிக்கு நடுவே பிரிவு, பழைய காதல் என்று சேர்த்தார்கள். பாலா கணக்குப்படி சின்னக் கதையை வளர்த்திருக்கிறார்கள், ஜெயித்திருக்க வேண்டும். ஏன் இழுத்தது?

பின்வரிசை பாலா

பாய், சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். அது படத்திலிருந்து படம், அங்கே வளர்க்க இடமே இல்லை, ஏற்கனவே ஒருத்தர் வளர்த்து முடித்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

ரஃபீக் ராயபுரம்

தப்பிக்க விடமாட்டேன். மெய்யழகன் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்றெல்லாம் எனக்குத் தெரியாது, அதில் ஒன்றுமே நடக்காது, இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், நான் அழுதேன். வெளியான பிறகு நீளம் என்று சொல்லி 18 நிமிடம் வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன் பார்த்தேன், என் தங்கை வெட்டிய பிறகு பார்த்தாள். நான் பிடித்தது என்று சொன்ன காட்சிகளில் பாதி "அப்படி ஒன்று வரவே இல்லையே" என்கிறாள். இப்போது யாருடைய அபிப்பிராயம் செல்லும்?

நங்கநல்லூர் மீனா

ரஃபீக், வெட்டாததுதான் செல்லும். பேச்சுதானே அந்தப் படமே.

அமரனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவும் புத்தகம்தான், இந்தியாஸ் மோஸ்ட் ஃபியர்லெஸ் என்ற தொகுப்பில் மேஜர் முகுந்த் வரதராஜன் பற்றி வருகிற ஒரு பகுதி. அவர் நம் தாம்பரத்துப் பக்கத்து ஆள், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். குரோம்பேட்டையில் பார்த்தபோது அரங்கில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்தவரைத் தெரிந்திருந்தது. சாய் பல்லவி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிற காட்சிகளில் ஒருத்தரும் பாப்கார்ன் பையைக்கூட அசைக்கவில்லை. ராணுவப் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஊர்க்காரப் பையன் என்ற பகுதி ஒட்டியது.

டிக்கெட் கிழிப்பவன்

பாப்கார்ன் என்றதும் ஞாபகம் வருகிறது. டிக்கெட்டை 190 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பாப்கார்னில் வசூலிக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். அங்கேதான் நான் விடுதலை இரண்டாம் பாகம் பார்த்தேன், அதனால் அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி தியேட்டருக்குச் சேர வேண்டியது. உதயம் தியேட்டர் இருந்தவரை இந்தக் கவலை இல்லை. வியர்த்தாலும் காசுக்கு ஏற்ற வியர்வை.

சுசீலா மயிலாப்பூர்

உதயத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம் தம்பி, இங்கே ஆரம்பித்தால் நிற்காது.

மீனாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பேத்தி படத்தைப் பார்த்துவிட்டு "பாட்டி, நந்தினி கதை முழுசாக வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். என்னிடம் இருந்த பழைய தொகுதி செல்லரித்துவிட்டது. எந்தப் பதிப்பு வாங்குவது? நாட்டுடைமை ஆனதிலிருந்து ஆளாளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

நங்கநல்லூர் மீனா

அம்மா, ஒரே தொகுதியாக வருவதை மட்டும் வாங்கிவிடாதீர்கள், படுத்துக்கொண்டு படிக்க முடியாது, கை கழன்றுவிடும். ஐந்து பாகமும் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். மணியம் படங்கள் உள்ள பதிப்பா என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள், படம் இல்லாமல் மலிவாக வருவதில் எழுத்துப் பிழை நிறைய. ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏவில் புத்தகக் காட்சி வரும்போது நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாம். முதல் பாகம் மட்டும் இப்போது வேண்டுமானால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மயிலாப்பூர் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.

ரஃபீக் ராயபுரம்

அந்த முதல் பாகத்தை பேத்தி படித்து முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் அக்கா. அந்த ஏரிக்கரைக் காட்சியை மட்டும் படித்துப் பார்க்கிறேன்.

டிக்கெட் கிழிப்பவன்

போச்சு. அடுத்த தடவை பக்கத்து சீட்டுக்கு உறவுமுறை சொல்லப் போகிற ஆள் ரெடி.